லிஃப்ட்காரனின் கூடாரம்

என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. லிஃப்ட்காரன் என்றால் நாய்கூட வீட்டைக் காட்டும். பதினாறு வருடமாக அதே கம்பெனி, அதே காக்கிச் சட்டை, நகக்கண்ணில் அதே கிரீஸ். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் இவன் போன்தான் அடிக்கும். சாப்பாட்டில் கை வைத்திருப்பான், அடிக்கும். கல்யாண மேடையில் நின்றபோதும் அடித்தது. எடுத்துப் பேசினான், மடையன். அந்தப் பெண் அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

ஆனால் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. அதை நானே பார்த்திருக்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். ஒருநாள் என் ஆட்கள் மூன்று பேர் படுக்கை விரிப்பு வண்டியோடு இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒரே கூச்சல். இவன் வந்தான். கதவிடுக்கில் வாயை வைத்தான். "யாரும்மா உள்ள? பயப்படாதீங்க. கதவைத் தொடாதீங்க. அப்படியே கீழ உக்காருங்க. பத்து நிமிஷம், அவ்வளவுதான்." குரல் அவனுடையதே இல்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நிதானமாக என்னிடம்கூடப் பேசியதில்லை. கூச்சல் அடங்கியது. பிறகு மேலே போய் பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுநடுவே கீழே வந்து கதவிடுக்கில் சொல்வான்: பத்து நிமிஷம். என் ஆட்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"ஏன்டா வாய்கூசாம பொய் சொல்ற?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கவங்ககிட்ட நெஜமான நேரத்தைச் சொல்லவே கூடாதுக்கா. சொன்னா பதறுவாங்க. பதறினா கதவை இழுப்பாங்க. அப்புறம் உயிருக்கு யார் பதில் சொல்றது? வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நாங்க மொதல்ல சொல்லித் தர்றதே இதுதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாக.

அவன் மனைவியை நான் வாய்க்கு வந்தபடி ஏசிய காலம் உண்டு. இப்போது ஏசுவதில்லை. அவளுக்குப் பிரசவ வலி எடுத்த நேரத்தில் இவன் யாரோ ஒரு வீட்டுத் தரகரை ஒன்பதாவது மாடியில் லிஃப்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். குழந்தை பிறந்து மூன்று மணி நேரம் கழித்துக் கிரீஸ் கையோடு வந்து நின்றான். குழந்தை உருண்டையாக இருந்தது. பட்டாணி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. பட்டாணிக்கு இரண்டரை வயதானபோது அவள் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதன்பிறகு அவன் குழந்தையைப் பார்க்க மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. குடும்ப நீதிமன்றத்தின் மாடியில் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சக்கரம் போன பொம்மைக் கார், சுவரில் பாதி உரிந்த ஒட்டகச்சிவிங்கிப் படம். இரண்டு மணி நேரம். அதில் முக்கால்வாசி நேரம் குழந்தை அம்மாவின் கையை விடாது. இவன் எதிரே உட்கார்ந்து அசடு வழிவான்.

போன வருடம் அவளுக்கு வேலை மாற்றம் வந்தது. ஒரு பகல் ஒரு ராத்திரி ரயிலில் போகவேண்டிய ஊர். இவன் நீதிபதி முன்னால் நின்று குழந்தையைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள் என்று அழுதுவிட்டான். நீதிபதி நல்ல மனுஷர். குழந்தை அப்பாவோடு ஒரு ராத்திரி தங்கட்டும், உறவில் ஒரு பெண் கூட இருக்கட்டும் என்றார். பிறகு நீதிமன்றத்து ஆலோசகர் குழந்தையோடு தனியாகப் பேசி எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு இஷ்டம் என்றால் ஒவ்வொரு விடுமுறையும் அப்பாவிடம். இல்லையென்றால் போனில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஒரு ராத்திரி. அதைக் கொண்டுபோய்க் காட்டில் வைத்தான் என் தம்பி.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றேன். "அஞ்சு வயசுப் பிள்ளைடா அது. மிருகக்காட்சி சாலை இல்லையா? கடல் இல்லையா? எனக்கு முட்டி வலியில கட்டில்ல படுத்தாலே எந்திரிக்க முடியலை, என்னைத் தரையில படுக்கச் சொல்றியே!"

"அங்கெல்லாம் சிக்னல் இருக்குக்கா."

"இருந்தா?"

"போன் வரும். வந்தா நான் எடுப்பேன். எனக்கே என்னைத் தெரியும்." தலையைக் குனிந்துகொண்டான். "அவ பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் முழுசா அவகூட இருந்ததில்லக்கா."

போய் முட்டிக்குத் தைலம் வாங்கினேன்.

வனத்துறை அனுமதித்த இடம்தான். ஓர் ஓடை, மரங்களுக்கு நடுவே நாலைந்து கூடாரம் போடுகிற அளவுக்குச் சமதரை, அரை மணி நடையில் காவலர் சாவடி. மொட்டை மாடியில் ஏழு தடவை கூடாரத்தைப் போட்டுப் பிரித்துப் பழகினான். டார்ச் மூன்று, கயிறு, விசில், மருந்துப் பெட்டி, பட்டாணிக்குக் கரடி படம் போட்ட போர்வை. வேலைக்குக் கிளம்புகிற மாதிரி சீட்டில் எழுதி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு எடுத்து வைத்தான்.

அன்று நடுப்பகலில் அவள் குழந்தையைச் சாவடிக்குக் கூட்டிவந்தாள். மண்டியிட்டு அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கு அப்பாகூட, அத்தைகூட. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அம்மா இங்கயே நிப்பேன். இன்னிக்கு இல்ல, நாளைக்கு. சரியா?" பட்டாணி தலையாட்டியது. பிறகு என்னிடம், "அண்ணி, அவளுக்கு இருட்டுன்னா பயம். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள். "பிள்ளை வளக்க எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அந்தப் பகலைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு அப்பனும் மகளும் ஓடையில் இறங்கினார்கள். அது தவளைக் குஞ்சைப் பார்த்து வீறிட்டது, பிறகு அதையே கப்பில் பிடித்துக்கொடு என்று அடம்பிடித்தது. கூடாரத்து ஆணியைக் கல்லால் அடிக்கக் கொடுத்தான். நாலு அடியில் மூன்று அவன் விரலில். "பாத்ரூம் எங்க?" என்று கேட்டதற்கு, "இங்க எல்லாமே பாத்ரூம்தான்" என்றான். அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை, விக்கலே வந்துவிட்டது. ரொட்டியும் வேகவைத்த முட்டையும் அவன் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டது. தலைக்குமேல் அவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஆறரை மணிக்கு இருட்டு வந்தது. நகரத்து இருட்டு இல்லை அது, பொத்தென்று விழுகிற இருட்டு. பூச்சிகள் எல்லாம் சேர்ந்து இரைய ஆரம்பித்தன. பட்டாணி விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டது: "அம்மா எப்ப வருவாங்க?"

நாளைக்கு என்று சொல்ல வேண்டியதுதானே? அதன் அம்மாவே சொல்லிவிட்டுப் போனதுதானே? இவன் அதன் பக்கத்தில் குந்தினான். அந்தக் குரல் வந்தது. அந்த மெதுவான, நிதானமான குரல்.

"பயப்படாத. கீழ உக்காரு. ஜிப்பைத் தொடாத. பத்து நிமிஷம், அவ்வளவுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தை அழவில்லை. அதுதான் அந்தக் குரலின் சாமர்த்தியம். போய் ஷூவை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டது, பையை முதுகில் போட்டுக்கொண்டது, கூடாரத்து வாசலில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டாங்களா?" என்றது. "பத்து நிமிஷம்" என்றான். மறுபடி கேட்டது. மறுபடி சொன்னான்.

நான் அவனைச் சட்டையைப் பிடித்து மரத்துப் பக்கம் இழுத்துப் போனேன். "நாளைக்குத்தான் வருவான்னு சொல்லித் தொலையேன்டா!"

"சொன்னா பதறிடுவாக்கா. அழுது ரகளை பண்ணிட்டா? அதைப் போய் அந்த ஆலோசகர்கிட்ட சொல்லிட்டா? எல்லாம் முடிஞ்சுது."

"இது லிஃப்ட் இல்லடா, உன் பிள்ளை!"

"எனக்கு வேற எப்படிப் பேசணும்னு தெரியலையேக்கா" என்றான். நானும் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழாமல் இருந்தால் போதும் என்று எனக்கும்தான் தோன்றியது.

பட்டாணி ஷூவோடும் பையோடும் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனது.

காலையில் எழுந்து கூடாரத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தது. "அம்மா வரேன்னு சொல்லிட்டு வரலை" என்றது. அவ்வளவுதான். நேராக அவனிடம் போய் இரண்டு கையையும் தூக்கியது. தூக்கிக்கொண்டான். அதற்கப்புறம் இறங்கவே இல்லை. பல் தேய்த்ததும் அவன் இடுப்பில், பால் குடித்ததும் அவன் இடுப்பில். சாவடியில் பத்து அடிக்க ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே அவள் வந்து நின்றிருந்தாள். கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பி அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். குளிர்ந்தது, அதுதான் நிஜம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆலோசகர் எங்களையும் பட்டாணியின் அம்மாவையும் கூப்பிட்டார். தடிமனான கண்ணாடி போட்ட அம்மா, பொறுமையான ஆள். குழந்தையை வெளியே ஆயாவோடு உட்காரவைத்துவிட்டு எழுதி வைத்திருந்ததைப் படித்தார். "குழந்தைக்கு அப்பாகிட்ட போக முழு இஷ்டம். 'அப்பா கூடவே இருந்தாங்க, அம்மாதான் வரேன்னு சொல்லிட்டு வரலை'ன்னு மூணு தடவை சொன்னா. அதையே சிபாரிசு பண்ணப் போறேன்."

தம்பி மூச்சை இழுத்தான். நான் உள்ளுக்குள் குதித்தேன்.

பட்டாணியின் அம்மா அழுதாள். கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். "நான் எப்ப வரேன்னு சொன்னேன் மேடம்? பத்து மணின்னேன், வந்து நின்னேன். இப்ப என்னை பாத்ரூம் போக விடமாட்டேங்கிறா. கதவைத் தட்டிக்கிட்டே நிக்கிறா. ஸ்கூல் வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ வரமாட்ட, எனக்குத் தெரியும்'னு கத்துறா. ராத்திரி எந்திரிச்சு நான் இருக்கேனான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறா. நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியலை."

அவன் உடம்பு விறைப்பது எனக்குத் தெரிந்தது. மேஜைக்குக் கீழே அவன் கையை நறுக்கென்று கிள்ளினேன். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நகம் பதிகிற அளவுக்குக் கிள்ளினேன். ஒவ்வொரு விடுமுறையும்டா. வாயை மூடு.

"குழந்தையைக் கொஞ்சம் உள்ள கூப்பிடுங்க மேடம்" என்றான்.

பட்டாணி ஓடிவந்து அவன் நாற்காலிக் கையில் தொற்றி உட்கார்ந்தது. அவன் கீழே இறங்கி அதன் எதிரே குந்தினான். அந்தக் குரல் வரவில்லை. சொல் சொல்லாகத்தான் வந்தது.

"பட்டாணி. அம்மா அன்னிக்கு ராத்திரி வரேன்னு சொல்லவே இல்லடா. காலையிலன்னு சொன்னாங்க. சரியா வந்தாங்க. பத்து நிமிஷம்னு சொன்னது நான். அது பொய்."

குழந்தை அவனையே பார்த்தது. "அம்மா கிளம்பவே இல்லையா?"

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"நான் ஷூ போட்டுட்டு உக்காந்திருந்தேன்ல? அப்பவும் தெரியுமா?"

"அப்பவும் தெரியும்."

அது நாற்காலிக் கையிலிருந்து சறுக்கி இறங்கியது. அவனைச் சுற்றிக்கொண்டு, அவன் மேல் படாமல், அம்மாவிடம் போனது. முட்டிமேல் ஏறி உட்கார்ந்து அவள் காதருகே, "வீட்டுக்குப் போலாம்மா" என்றது. ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குழந்தையிடம் மெதுவாக, லீவுக்கு அப்பாகிட்ட வரியா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டியது, வேண்டாம் என்று. அவர் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

வெளியே படிக்கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "பொழைக்கத் தெரியாதவனே! கைக்கு வந்ததை இப்படித் தூக்கிக் குடுத்துட்டு வரியே! நீ மனுஷன்தானா? இனிமே உன் பிள்ளையை எப்படா பாப்ப?"

அவன் இரண்டு படி இறங்கி நின்றான். அழவில்லை.

"வருஷத்துல ரெண்டு மாசம்தான் என்கிட்ட இருந்திருப்பாக்கா. பத்து மாசம் அவங்க அம்மாகிட்டதான் இருக்கணும். அந்தப் பத்து மாசமும் அவளை நம்பாம எப்படித் தூங்குவா?"

முட்டி வலிக்கிறது என்று சொல்லி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினேன்.