கொல்லயிலில் ஒரு ஞாயிறு, ஓடாத வண்டியோடு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குலசேகரத்திலிருந்து புறப்பட்டேன். நெய்யாற்றின்கரை அங்கிருந்து இருபது மைல்தான். சாதாரண நாளாக இருந்தால் பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். ஆனால் எல்லைக் கிளர்ச்சி சூடாக இருந்த காலம் அது. பஸ் ஓடவில்லை. எந்தத் தாலுகா தமிழ் மாநிலத்துக்கு, எது மலையாள மாநிலத்துக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. தரையில் ஒரு கோடும் கிடையாது. ஆனால் சாலையில் நிற்கிற ஒவ்வொருவன் கண்ணிலும் ஒரு கோடு இருந்தது.

என் தம்பி ஒரு கூட்டத்தில் பேசியதற்காகப் பிடிபட்டு நெய்யாற்றின்கரையில் அடைபட்டிருந்தான். திங்கள்கிழமை பதினொரு மணிக்குக் கோர்ட்டில் நான் நின்று ஜாமீன் கொடுத்தால் வெளியே வருவான். இல்லாவிட்டால் திருவனந்தபுரத்துப் பெரிய ஜெயில். அங்கே போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஜாமீனுக்குக் காட்ட, நிலத்துக்கு வரி கட்டிய ரசீதைச் சட்டையின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டேன். பேசியவனின் அண்ணன் என்று தெரிந்தால் வழியிலேயே என்னையும் பிடித்துவிடுவார்கள்.

வண்டி, நான் கணக்கெழுதும் ரப்பர் எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. இராணுவம் கழித்துப்போட்ட ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள், ஃபோர் ஸ்ட்ரோக். மலைப்பாதைக்காக சைலன்சரை மேலே தூக்கி வைத்து, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போட்டிருந்தது. சாவி கிடையாது. யார் உதைத்தாலும் ஓடும், அதுதான் அதன் குணமும் குற்றமும்.

மார்த்தாண்டத்தில் ஒரு டீ, ஓரணா. களியக்காவிளையில் நிற்கவே இல்லை. பாறசாலை முக்கில் போலீஸ் லாரி நிற்கிறது என்று எதிரே வந்த சைக்கிள்காரர் சொன்னார். நிற்கிறதா, அல்லது என்னைக் குறுக்கு வழியில் தள்ளப் பார்க்கிறாரா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அவர் சொன்னபடியே வடக்கே திரும்பி, தென்னந்தோப்பும் வயல்வரப்புமாகக் கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் போனேன். பத்து மணி வெயிலில் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரண்டு தடவை விக்கியது, பிறகு நின்றுவிட்டது. ஆறியதும் ஓடும், கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்கும். ஒரு மைல் தள்ளினேன்.

எங்கள் ஊரில் அந்நியன் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் எந்த ஊர், யார் வீட்டுக்கு, சாப்பிட்டாயா என்று வரிசையாகக் கேட்டுவிடுவோம். இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு மேலே முகங்கள் வந்தன, பார்த்தன, இறங்கின. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோப்போரம் ஓலைச்சார்ப்பில் சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். பெயர் ஏசுவடியான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மனைவியோடு வேதக்கோயில் ஆராதனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிக்கரைக் கையாலேயே அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

“கம்ப்ரஷன் இல்ல. சூடானா வால்வு மூடாது. சின்ன வேலயாக்கும்” என்றார். “ஆனா இண்ணைக்குத் தொடமாட்டேன். ஞாயிற்றுக்கெழம நான் ஸ்பானர் எடுக்கதில்ல. நாளைக்குக் கெழக்கு வெளுக்கும்ப செய்து தாறேன்.”

“அவசரமாட்டு போணுமே.”

“எங்க போறிய?”

“நெய்யாற்றின்கரைக்கு. எஸ்டேட்டில ரப்பர் ஷீட்டுக்கு ஆசிட் வாங்கணும்.”

அவர் என்னையே பார்த்தார். “ஞாயிற்றுக்கெழம எந்தக் கட தொறந்திருக்கும் சாரே?”

எனக்கு முகத்தில் வியர்த்தது. துண்டால் துடைத்துக்கொண்டே வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை. அவர் மனைவி மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கிழங்கு பஞ்சாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அந்த அம்மாள் என் சட்டையின் உள்பையைப் பார்ப்பதாகவே தோன்றியது.

ராத்திரி அங்கேயே தங்குவதென்று ஆனதும், சாயங்காலம் குளத்துக்குப் போய்க் குளித்துத் திரும்பினேன். சார்ப்பின் ஓலை இடுக்கில் அசைவு தெரிந்தது, நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் எடுக்காதவர் கையில் ஸ்பானர். வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, கட்டைவிரல் அளவுள்ள எதையோ கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

வேதக்காரர் வேஷம் போட்டு என்னைக் கட்டிப் போட்டுவிட்டார், காலையில் போலீசுக்குச் சொல்லி அனுப்பப் போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். கேட்டுவிடலாமா? கேட்டால், ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்பார். வண்டியை விட்டு நடந்துவிடலாமா? முக்கில் லாரி. சார்ப்புப் பெஞ்சில் படுத்தேன், அவ்வளவுதான். தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

திங்கள், விடிந்ததும் வேலை தொடங்கியது. ஒரு வாழையிலையை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தார். திரும்பப் பூட்டும்போது வலமிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் போதும், மண்ணும் ஒட்டாது. பழைய ஆயிலை வடித்து, வலைச் சல்லடையைப் பெட்ரோலில் கழுவி, புது ஆயில் ஊற்றினார். வால்வைத் தூக்கும் நீளக்கம்பியைச் சரிசெய்து, “விரலால சுத்தினா சுத்தணும். மேலயும் கீழயும் ஆடப்பிடாது” என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். வேலையில் குற்றம் சொல்ல இடமில்லை. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

எட்டு மணிக்கு இலையில் ஒரு சாமானும் மிச்சமில்லை. நான் உதைத்தேன். கிக்கர் இப்போது காலை எதிர்த்துத் தள்ளியது. ஆனால் வண்டி ஓடவில்லை. மறுபடி உதைத்தேன். ஒரு தும்மல்கூட இல்லை.

“கொஞ்சம் பொறுங்க” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

“எதுக்குப் பொறுக்கணும்? யாரு வரணும்?” என்று கத்திவிட்டேன்.

அவர் பதில் சொல்லுமுன் வேலிக்கு அப்பால் ஜீப் சத்தம். என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. சார்ப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்த தென்னைமட்டைக் குவியலுக்குள் போய்க் குந்திக்கொண்டேன்.

ரோந்துக்கு வண்டி பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் அவர்கள். “இது ஆருடெ வண்டியாடா?” என்றது ஒரு குரல்.

“எஸ்டேட்டிலெ வண்டியா சாரே. செத்து கிடக்குந்நு” என்றார் ஏசுவடியான், பதறாத மலையாளத்தில்.

“ஸ்டார்ட் ஆக்கெடா!”

ஒருவர் உதைத்தார். பிறகு இன்னொருவர். கனத்த பூட்ஸ், கனத்த உதை. வண்டி செத்தே கிடந்தது. பெட்ரோல் வாடை என் ஒளிவிடம் வரை வந்தது. கடைசியில் அதன் பின்சக்கரத்துக்கு ஒரு உதை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் வெளியே வந்தபோது ஏசுவடியான் வீட்டுக்குள்ளிருந்து ஒரு மிளகு டப்பாவோடு வந்தார். அதற்குள்ளிருந்து மேக்னெட்டோவின் பாயிண்டை எடுத்தார். பொறி அதில்தான் பிறக்கிறது. அது இல்லாமல் எந்தக் காலாலும் இந்த வண்டியை எழுப்ப முடியாது. ஊதி மாட்டி, நடு போல்ட்டை முறுக்கினார். ஒரே உதை. ஓடியது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “போலீசு வருமிண்ணு தெரிஞ்சு நேற்றே எனக்காட்டு எடுத்து ஒளிச்சு வச்சியளா?”

“போலீசு வருமிண்ணு நான் கண்டேனா? உங்கள்ட்டருந்தாக்கும் ஒளிச்சேன்” என்றார், சிரிக்காமல். “மோட்டாரில வாறிய, போற எடத்துக்குப் பொய்யி சொல்லுதிய. சி.ஐ.டி.ண்ணு நெனச்சேன். இந்த ஊருல பிள்ளைய பலரும் போலீசுக்குப் பயந்து வீட்டுல படுக்காத காலம். அவங்க எங்கிண்ணு பாத்துவச்சு நீங்க ராத்திரியே சொல்ல ஓடிரப்பிடாதுல்லா.”

“அப்ப இப்ப மட்டும் ஏன் தாறிய?”

“சி.ஐ.டி. எங்கயாவது போலீசைக் கண்டு மட்டைக்குள்ள குந்துவானா?”

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அப்ப ஞாயிற்றுக்கெழம ஸ்பானர் எடுத்தது?” என்று கேட்டேன், விடாமல். அவர் முகம் வாடியது. “அது எடுத்திருக்கப்பிடாது. போதகர்ட்ட சொல்லணும்” என்றார்.

அப்போதுதான் நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். தோப்பு வழியாகவே போகிற பாதையைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டினார். மணி ஒன்பது ஆகியிருந்தது. மேடுகளில் வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. பதினொரு மணிக்கு, கை நிறைய கரியோடு, கோர்ட்டில் நின்றேன்.

சாயங்காலம் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பினேன். இளைத்திருந்தான், வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். சார்ப்பின் முன்னால் நிறுத்தியதும் என் காதருகே, “அண்ணா, இந்த ஆளை நம்பலாமா?” என்றான். ஒரு வாரத்தில் அவனுக்கும் அந்தச் சந்தேகப் பார்வை வந்துவிட்டிருந்தது.

ஏசுவடியான் வாசலுக்கு வந்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டே, “இது யாரு?” என்றார்.

“எனக்க தம்பியாக்கும்.”

அவர் விளக்கை எடுத்துவரச் சொன்னார். என் முகத்துக்கு நேரே பிடித்தார், பிறகு அவன் முகத்துக்கு. மறுபடி என் முகத்துக்கு.

“மூக்கு ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தார்.