பதினோராம் பாடம்

குடையின் கைப்பிடியால் கார்க் கண்ணாடியில் இரண்டு தட்டு. "எஞ்சின ஆஃப் பண்ணுங்க. பேப்பரெல்லாம் எடுங்க." உள்ளே இருப்பவருக்கு முப்பது வயதானாலும் அறுபது வயதானாலும் கண்ணாடியை இறக்கும்போதே வாயில் 'சார்' வந்துவிடும். வெளியே நிற்பவர் போலீஸ் இல்லை, பத்து நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்தான் என்று தெரிந்தும் வரும். இந்த வாரம் திங்கட்கிழமையும் ஒரு வங்கி அதிகாரிக்கு வந்தது.

எங்கள் ஓட்டுநர் பள்ளியில் மொத்தம் பதினாறு பாடங்கள். பதினைந்து எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. பதினோராவது மாஸ்டர் தாமாகச் சேர்த்தது. பதிவேட்டை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அதற்கு 'நிறுத்தப்படுதல்' என்று தலைப்பு இட்டிருக்கிறேன். மைதானத்து ஓரத்தில் உள்ள தண்ணீர்க் குழாயிலிருந்து மாஸ்டர் புறப்படுவார். கார் வரை பதினெட்டுக் காலடி. அதற்குள் ஆள் மாறிவிடுவார். ஒட்டிய வயிறுதான் அவருக்கு. வந்து சேரும்போது பெரிய தொந்தியைச் சுமந்து வருகிறவரைப்போல் இருக்கும்.

அதட்டுகிற போலீஸ், சிரிக்கிற போலீஸ் என்று இரண்டு வேடம் வைத்திருக்கிறார். "அதட்டுறவர்கிட்ட பயம் இல்லம்மா. உங்களுக்கே கோபம் வந்து ஏன் எதுக்குன்னு கேட்டுடுவீங்க. சிரிக்கிறவர்தான் கஷ்டம். 'அக்கா, சும்மா டிக்கிய ஒரு பார்வை பாத்துக்கட்டுமா?'ன்னு கேப்பார். உங்க வாய் உங்களக் கேக்காமலே 'பாத்துக்கோங்க சார்'னு சொல்லிடும்."

அவர் சொல்வது உண்மை. இதுவரை இந்தப் பாடம் படித்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில், முதல் தடவையிலேயே 'பாத்துக்கோங்க சார்' என்று சொன்னவர்கள் நூற்றுத் தொண்ணூற்றேழு பேர். அதில் ஒருவர் முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர்.

பாடம் சின்னதுதான். "லைசென்ஸ், வண்டிப் பேப்பர் ரெண்டும் கேட்டா குடுத்தே ஆகணும். அதுல முரண்டு பிடிக்கக் கூடாது. டிக்கியத் திறங்கன்னா காரணம் கேளுங்க. காரணம் இருந்தா அவர் உங்க சம்மதத்துக்குக் காத்திருக்க மாட்டார், திறந்துடுவார். சம்மதம் கேக்கிறார்னா, இல்லன்னு சொல்ல உங்களுக்கு இடம் இருக்குன்னு அர்த்தம். சொல்லிட்டுச் சும்மா இருங்க. குறுக்க போய் நிக்காதீங்க. சட்டப் புத்தகம் மாதிரி பேசாதீங்க."

"நம்மகிட்டதான் ஒண்ணும் இல்லையே மாஸ்டர், காட்டிட்டுப் போயிட்டா என்ன?" என்று யாராவது கேட்காத வாரம் இல்லை.

"எங்கிட்டயும் ஒண்ணும் இல்லண்ணே. கண்ணாடிதான் இருந்துச்சு" என்பார் மாஸ்டர்.

ஆளுயரக் கண்ணாடி விற்கிற கடை ஒன்றில் ஒன்பது வருடம் வேன் ஓட்டியவர் அவர். ஒருநாள் மேம்பாலத்துக்கு அருகில் நிறுத்தி, உள்ளே பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். பாத்துக்கோங்க சார் என்றார். ஆறு கண்ணாடிகளையும் இறக்கிப் பாலத்துக் கம்பியில் சாய்த்துவைத்து, வேனின் தரை வரை பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்கள். அதற்குள் அடித்த காற்றில் நான்கு கண்ணாடிகள் போய்விட்டன. கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "பாத்துக்கோன்னு சொன்னது யாரு?" நான்தான் என்று இவர் சொல்ல, "அப்ப உடைச்சதும் நீதான்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பாடத்தில் மூன்று முறை தோற்றவர் தையற்கார அம்மா. ஐம்பத்திரண்டு வயது. தைத்த சீருடைகளைப் பள்ளிகளுக்குத் தாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காக ஓட்டக் கற்றார். அவர் பேசினால் பின்னிருக்கைக்குக் கேட்காது. "அந்தத் தையல் மெஷின் போடுற சத்தத்துல பாதியாவது போடுங்கம்மா" என்பார் மாஸ்டர். அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பார்; மறுபடியும் 'பாத்துக்கோங்க' என்பார்.

போன வருடம் அவரை ஓட்டுநர் தேர்வுக்கு அழைத்துப்போன நாள், செவ்வாய்க்கிழமை. அம்மா ஓட்டினார், பக்கத்தில் மாஸ்டர், பின்னால் கோப்புகளுடன் நான். அதே வாரத்தில் மாஸ்டரின் பயிற்றுநர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காவல் துறையிலிருந்து ஒரு புகார் போனால் போதும், அட்டை நின்றுவிடும். "இந்த வாரம் மட்டும் யார் கண்ணுலயும் படக்கூடாதுங்க" என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

பத்து இருபதுக்கு ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சிரிக்கிற வகை. தாள்களைப் பார்த்தார், சரியாக இருந்தன. "டிக்கிய ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்றார். டிக்கியில் இருந்தவை உபரிச் சக்கரம் ஒன்று, பயிற்சிக்கான கூம்புகள் நான்கு, வாளி ஒன்று.

மாஸ்டர் இருக்கைப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பாத்து" என்பது வரை அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன்.

"என்ன காரணம் சார்?" என்றார் அம்மா. பின்னிருக்கைக்கு நன்றாகக் கேட்டது.

"காரணம் என்னம்மா, சும்மாதான்."

"சும்மான்னா எனக்குச் சம்மதம் இல்ல சார். நீங்க திறந்தா நான் தடுக்கவும் மாட்டேன்."

போலீஸ்காரரின் சிரிப்பு போய்விட்டது. குனிந்து காருக்குள் எங்கள் மூவரையும் பார்த்தார். "இதெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"யாரும் இல்ல சார். நானாத்தான் சொன்னேன்."

மாஸ்டர் கழற்றிய பட்டையைக் கையில் பிடித்தபடி இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்து மூன்று.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்" என்றார் மாஸ்டர். "பிரேக் சொல்லிக்குடுக்கிற மாதிரி இதையும் சொல்லிக்குடுக்கிறேன்."

"ஓ, நீங்கதானா? அட்டையக் குடுங்க."

கொடுத்தார். போலீஸ்காரர் டிக்கி பக்கம் போகவில்லை. மாஸ்டர் பக்கம் வந்து, காரின் கூரைமேல் அட்டையையும் சிறிய நோட்டையும் வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லியபடி எழுத ஆரம்பித்தார். "நாலு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு." பல வருடம் சட்டைப்பையில் கிடந்து தேய்ந்த அட்டை அது.

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அட்டையின் கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"அது ஏழு சார். மேல்கோடு அழிஞ்சிருக்கு. ஏழுன்னு போட்டுக்கோங்க."