கருடசேவைக்கு வந்த கறுப்புக் குடை

அதிர்வேட்டு எங்கே வெடித்தாலும் எனக்கு ஒரு கறுப்புக் குடை நினைவுக்கு வரும்.

அறுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் பத்து நாள் வைகாசித் திருவிழா, அன்று கருடசேவை. வேட்டுச் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்களெல்லாம் எழும்ப, என் ஆறு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். பேச்சு வராத பெண், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அதற்கு ஒரு பெயர் உண்டென்றே அப்போது எங்களுக்குத் தெரியாது.

"வேப்பிலை அடிங்கப்பா" என்றார் ஒருவர்.

"இனிமே இவள வெளியவே கூட்டிக்கினு வரவேணாம்" என்று என் மனைவி அழுதாள்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். குள்ள உருவம், பட்டுச்சாயம் ஏறிய விரல்கள். கையில் பிடித்த பெரிய கறுப்புக் குடையின்கீழ், ஓயாமல் முன்னும் பின்னும் ஆடும் வளர்ந்த மகன். அவர் என் மகளைத் தொடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குடையை அவள் மேலும் தாழ்த்திவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"சாமி அங்க வருது. இங்க என்னா பாத்துக்கினு இருக்கீங்க?"

"குடைய மடக்கும்மா, மறைக்குது" என்றார் பின்னாலிருந்த பெரியவர்.

"சாமிக்கே ரெண்டு குடை இருக்குது. எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணு இருந்தா என்னாவாம்?"

கூட்டம் சிரித்துத் திரும்பிக்கொண்டது. அலறல் அடங்கியது. கருடன் தெருவை அடைத்துக்கொண்டு வந்தபோது, குடை விளிம்புக்குக் கீழே என் மகளின் கண்கள் பெருமாளோடு கூடவே நகர்ந்தன. வருடாவருடம் பாதியில் ஓடிய நாங்கள் அன்று கடைசிவரை நின்றோம்! என் மனைவி கைகூப்பினாள். யாரை நோக்கி என்று நான் கேட்கவில்லை.

"இவ பேசுவாளாம்மா?" என்றேன்.

"தெரியாதுபா. இவனுக்கு இருபது வயசாவுது, எனக்கே இன்னும் தெரியல. நாளைக்கும் சாமி வரும், நாங்களும் வருவோம். மூணு பேரும் வந்துடுங்க."