சஹருக்கு எழுப்புகிறவன்

துபாயில் அல் குசைஸ் லேபர் கேம்பில் எங்கள் அறையில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நோன்பு வைப்பவர்கள், நான் ஒருவன் வைக்காதவன். அந்த ரமலான் மாதம் முழுக்க எட்டுப் பேரையும் விடிவதற்கு முன்னால் எழுப்பி, சஹர் சாப்பாட்டுக்கு உட்கார வைக்கும் பொறுப்பு, நோன்பே இல்லாத என்னிடம் வந்து சேர்ந்தது. வெளியாட்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அறையில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. நான் கதை எழுதுகிறவன், ஆகவே தூங்காதவன், ஆகவே எழுப்பத் தகுந்தவன்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. குசைஸைத் தாண்டினால் மணல்தான். அதிகாலையில் லாரி வந்து எங்களை அள்ளிக்கொண்டு போய்க் கடல் கழிக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டிடத்தில் கொட்டும். எனக்கு டைம் கீப்பர் வேலை. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு ஓவர்டைம் என்று எழுதுவது. நாள் முழுக்கக் கையில் பேனா இருந்தும் எனக்கென்று ஒரு வரி எழுத முடியாத வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவைப் பொறுத்தவரை பேனா என்பது மனு எழுதவும் ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவும் ஏற்பட்டது. ஊரில் இருந்தபோது ஒருநாள், கதை எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "அதுல யாரு கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வி துபாய் வரைக்கும் என்னோடு வந்தது. ஒரு கதையையாவது முழுசாக முடித்து, அச்சில் என் பேரைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பதில் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். தொடங்கிய கதைகள் நிறைய இருந்தன. முடித்தது ஒன்றும் இல்லை.

நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. வெள்ளிக்கிழமை லீவுதான். ஆனால் துணி துவைக்க வேண்டும், சமையல் முறை வரும், பக்கத்து அறைக்காரன் ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வாசலில் நிற்பான். எல்லாம் முடிந்து கட்டிலில் காகிதத்தோடு சாய்ந்தால் கண் சொக்கும். தூங்கி எழுந்தால் எழுதாமல் போனோமே என்று நொந்துகொள்வேன். தூக்கத்தை விரட்டி எழுதினால் மறுநாள் சைட்டில் நின்றுகொண்டே கண் அசந்துவிடும். ஒருமுறை ஃபோர்மேன், "பாய், ஸோ கயா க்யா?" என்று, தூங்கிவிட்டாயா என இந்தியில் கேட்டு, ஹெல்மெட்டில் தட்டினார். தூங்கும்போது எழுத்து கூப்பிடும், எழுதும்போது தூக்கம் கூப்பிடும். இரண்டுக்கும் போக்குக் காட்டிக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

ரமலான் வந்ததும் டியூட்டி ஆறு மணி நேரமாகக் குறைந்தது. விடியற்காலை போனால் உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் பகலில் நோன்பாளிகள் தூங்குவார்கள். ஜன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்து, அறையை இருட்டாக்கிவிடுவார்கள். அந்த இருட்டில் காகிதம் சரசரத்தால்கூட ஒரு தலை எழும்பும்.

கேம்பில் சும்மா கிடக்கும் இடம் ஒன்றே ஒன்று, ராத்திரிச் சமையலறை. அதற்குப் பூட்டு உண்டு. யாரோ கேஸ் அடுப்பை அணைக்காமல் போய்விட்டதிலிருந்து அந்தச் சாவி காக்காவிடம் இருந்தது. காக்கா கீழக்கரைக்காரர், கம்பி கட்டும் மேஸ்திரி. அண்ணனை அவர்கள் ஊரில் காக்கா என்பார்கள், நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அவரைக் கூப்பிட்டோம். நான் சாவியைக் கேட்டேன்.

"ராத்திரி அடுப்படில என்னா வேல ஒனக்கு?"

"எழுதணும் காக்கா."

"எதுவரைக்கும் நீ முழிச்சிருப்பா?"

"மூணு மணி வரைக்கும்."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சஹருக்கு நீயே எழுப்பிடு. போன வருசம் அலாரம் அடிக்காம எட்டுப் பேரும் வெறும் வயித்தோட நோன்பு புடிச்சோம். அந்த வெயில்ல கம்பிய தூக்கிக்கிட்டு நின்னோம் பாரு, அது எங்களுக்குத்தான் தெரியும்."

எங்கள் அறையில் வெல்டர் பாய் ஒருவர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். "எழுத்தாளரே, கதைல யாராச்சும் சாகப் போறாங்கன்னா மூணு மணிக்கு முன்னாலயே சாவடிச்சிடுங்க. எங்க வயித்துல அடிச்சிடாதீங்க."

சாவி என் கைக்கு வந்தது. அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. நோன்பு மாதம் முடிந்து வரும் பெருநாளுக்கு ஒருநாள் லீவு, மறுநாள் எங்களை ஜெபல் அலிப் பக்கம் புது சைட்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே பன்னிரண்டு மணி நேர டியூட்டி, ஒன்பதரைக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். ஆகவே இந்த ஒரு மாதம்தான். இதற்குள் முடித்தால் முடித்தது, இல்லாவிட்டால் இந்தக் கதையும் பெட்டிக்குள் கிடக்கும் மற்றவற்றோடு போய்ப் படுத்துக்கொள்ளும்.

கதை தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டிய அண்ணன் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். அவனை வாசலில் நிறுத்தி அவள் கேட்கப்போகும் கேள்விகள்தான் முடிவு. அந்தக் கேள்விகளை மனசுக்குள் பலதடவை எழுதி வைத்திருந்தேன்.

சூரியன் மறைந்து, நோன்பு திறந்து எல்லோரும் கஞ்சி குடிக்கும்போது நானும் ஒரு கிண்ணம் குடிப்பேன். பிறகு படுத்துவிடுவேன். மற்றவர்கள் தொழுகைக்கும் கடைத்தெருவுக்கும் போகும் நேரம் எனக்குத் தூக்கம். நடுநிசிக்கு எழுந்து, அரிசி மூட்டையில் சாய்ந்து, பலகை ஒன்றை மடியில் வைத்து எழுதுவேன். வியர்வை முழங்கை வழியாக இறங்கிக் காகிதத்தை நனைக்கும் என்று கைக்கு அடியில் துண்டு போட்டுக்கொள்வேன். மூன்று மணிக்குத் தட்டில் கரண்டியால் தட்டியபடி அறைக்குள் போவேன். "சஹர், சஹர்" என்பேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுவார்கள். வெல்டர் பாய் கண்ணைத் திறக்காமலேயே, "செத்துட்டானா?" என்று கேட்பார்.

அவர்களோடு நானும் சாப்பிடுவேன். பிறகு லாரி. பகல் புழுக்கத்தில் எனக்குக் கண் மூடாது, ஆக மொத்தத்தில் நாலு மணி நேரத் தூக்கம். முதல் வாரம் உடம்பு இறகு மாதிரி இருந்தது, நான் ஏதோ சாதிக்கிறேன் என்று. அடுத்த வாரம் தலைக்குள் ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டது. சைட்டில் பேரேட்டில் வருகை எழுதும்போது ஒரு தொழிலாளியின் பேருக்கு நேராக என் கதாநாயகியின் பேரை எழுதியிருந்தேன். அதை அடித்துத் திருத்தினேன். ராத்திரி ஆனால் மறுபடியும் அரிசி மூட்டை. நின்றால் விழுந்துவிடுவேன் என்பதால் நிற்காமல் எழுதினேன். எழுதியதைத் திரும்பிப் படிக்க நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

முப்பது ராத்திரிக்குக் கதையைப் பிரித்து வைத்திருந்தேன். கடைசி ராத்திரியில் அண்ணன் வாசலுக்கு வருவான்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் நான் வழக்கம்போலப் படுத்தேன். மற்றவர்கள் பெருநாள் துணி எடுக்க டெய்ராக் கடைத்தெருவுக்குப் பிக்கப் வண்டியில் போனார்கள். நடுநிசிக்கு எழுந்தபோது எட்டுப் பேரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், கட்டிலுக்கு அடியில் புதுப் பைகள். சமையலறையில் பெரிய அண்டாவில் இறைச்சி கழுவி மூடி வைத்திருந்தது. உரிக்காத வெங்காயம் ஒரு கூடை. நாளை மறுநாளுக்கு இப்போதே தயாராகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடம் வரை வந்தது. இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது என்ற நிம்மதியில் பேனாவை மூடினேன்.

மூன்று மணி. தட்டைத் தட்டினேன். "சஹர், சஹர்."

ஒரு மாதப் பழக்கம் என்ன செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன். எட்டுப் பேரும் எழுந்தார்கள். வாய் கொப்பளித்தார்கள். உட்கார்ந்தார்கள். நான் பழைய சோறும் தயிரும் பரிமாற, தூக்கக் கண்ணோடு சாப்பிட்டார்கள். வெல்டர் பாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, அன்றைய நோன்பைப் பிடிக்கிறேன் என்ற நிய்யத்தை முணுமுணுத்தும் முடித்துவிட்டார். அப்போது காக்கா, பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடி, எதிரில் சுவரில் மாட்டியிருந்த தன் புதுச்சட்டையையே பார்த்தார்.

"டேய்," என்றார் மெதுவாக. "இன்னைக்குப் பெருநா."

மற்ற ஏழு பேரும் அந்தச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். காக்காவே தொடர்ந்தார்.

"நேத்தே பிறை பாத்தாச்சு. டெய்ராவுல ரேடியோல சொன்னானே. எல்லாரும் சேந்துதானே கேட்டோம்?"

"நான் நிய்யத்து வச்சிட்டேன்," என்றார் வெல்டர் பாய். அவர் குரலில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை. "பெருநா அன்னிக்கு நோன்பு ஹராம் ஆச்சே, புடிக்கவே கூடாதே."

"சட்டியில இன்னும் சோறு இருக்குல்ல, விடிஞ்சதும் ரெண்டு கவளம் தின்னு. எல்லாம் முறிஞ்சிடும்," என்றார் காக்கா.

அறையே வெடித்துச் சிரித்தது. பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். "எழுத்தாளரே, பெருநா அன்னிக்கும் பட்டினி போட பாத்தீங்களே," என்று வெல்டர் பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கணக்குப் பார்த்தேன். பிறை தெரிந்துவிட்டதால் இருபத்தொன்பதோடு மாதம் முடிந்துவிட்டது. முப்பதாவது ராத்திரி இல்லை. இன்றிரவு மூட்டை கட்டவே சரியாக இருக்கும், நாளைக் காலை லாரி ஜெபல் அலிக்கு.

"சரி, முழிச்சாச்சு. வெங்காயத்த உரி," என்றார் காக்கா.

விடிவதற்குள் பிரியாணியைத் தம்மில் போட்டார்கள். குளித்து, அத்தர் பூசி, புதுச்சட்டையோடு எட்டுப் பேரும் மைதானத்துத் தொழுகைக்குக் கிளம்பினார்கள். காக்கா வாசலில் திரும்பி நின்று, "கொஞ்ச நேரத்துல தீய அணைச்சிடு. மூடியத் தொறக்காத," என்றார். கேம்பே காலியானது. நான் அங்கு வந்த பிறகு அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. வெளிச்சம் இருந்தது, இடம் இருந்தது, தடுக்க ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும், அண்ணனை வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். அரிசி மூட்டையில் சாய்ந்து, பலகையை மடியில் வைத்து, பேனாவைத் திறந்தேன்.

கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. தலைக்கு அடியில் யாரோ சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். பேனா மூடப்பட்டு, காகிதங்களின் மேல் இருந்தது. அண்டா காலி. பிரியாணி அடிப்பிடித்த வாசனை மட்டும் இருந்தது. அறைக்குள் ஓடினேன்.

"ஏன் காக்கா எழுப்பல? எத்தனை மணி நேரம் போச்சு தெரியுமா?"

அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுப்ப மனசு வரல," என்றார் காக்கா. "நீ வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்தா. எட்டுப் பேரும் சத்தம் இல்லாம தின்னோம். கரண்டிச் சத்தம்கூட வரல, கேட்டுப் பாரு."

"அடிப்பிடிச்சதையும் சேத்துத் தின்னோம்," என்றார் வெல்டர் பாய். "ஒங்களுக்கு மேல இருந்தது எடுத்து வச்சிருக்கு."

சாப்பிடவில்லை. கோபத்தோடு காகிதங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போனேன். எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டுமே என்று முதலிலிருந்து படித்தேன். நன்றாகத் தூங்கிய கண்ணால் அதைப் படித்தது அன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தில் ஊரைவிட்டுப் போன அண்ணன் ஐந்தாம் அத்தியாயத்தில் திண்பண்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு பக்கத்தின் பாதியில் எழுத்து சரிந்து, கோடாகி, ஓரம் வரை போயிருக்கிறது. எத்தனையோ இரவுகளை இதற்காகத்தான் கொடுத்தேனா? அதே சமயம், கெட்ட பக்கங்களுக்கு நடுவே ஏழெட்டு நல்ல பக்கங்களும் இருந்தன. அவற்றையும் அதே தூக்கம் கெட்ட கண்தான் எழுதியது. எதை நம்புவது?

கெட்டவற்றை அடித்தேன். அறையிலிருந்து ரேடியோச் சத்தம், விருந்தாளிகளின் சிரிப்பு, "எழுத்தாளரே, பாயாசம்" என்ற கூப்பாடு. அதற்கு நடுவிலேயே எழுதினேன். அண்ணன் வாசலுக்கு வந்தான். ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்த கேள்விகள் ஒன்றும் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடித்து வந்த அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், விரல்களில் தீக்குச்சி மருந்து காயாமல். அவன் எழுப்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். வெளிச்சம் போவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு போய் ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டேன்.

அன்றிரவு நேரத்தோடு படுத்தோம். எழுத ஒன்றும் இல்லை, எழுப்ப யாரும் இல்லை. பெட்டிகள் வாசலில் கட்டித் தயாராக இருந்தன. என்றாலும் என்றைக்கும் விழிக்கிற நேரத்துக்கு விழிப்பு வந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அசையாமல் இருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அறையில் குறட்டையே இல்லை.

இருட்டில் வெல்டர் பாயின் குரல் வந்தது. "செத்துட்டானா?"

"இல்ல பாய்," என்றேன். "உக்காந்திருக்கான்."

"அப்ப எந்திரிச்சு டீயப் போடுங்க," என்றார். எட்டுக் கட்டில்களும் ஒன்றாகக் கிரீச்சிட்டன.