மஞ்சள் கம்பியில் இரண்டு சேலைகள்

ரேடியோ செட்டை என்னிடம் கொடுக்கும்போது திண்டுக்கல் பேகம்பூர் பாய் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அண்ணே, முழு பவர்ல ரொம்ப நேரம் விடாதீங்க. சூடு தாங்காது. உள்ள ஏதாச்சும் போச்சுன்னா நம்ம பக்கம் சாமான் கெடைக்காது."

பாய் டி.வி. ரிப்பேர் செய்கிறவர். என்னைப் போலவே லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வானலையில் ஊர் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர். அந்தச் செட்டை அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஒரு செங்கல் அளவுகூட இருக்காது. பேட்டரியில் ஓடும், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், கடல் தாண்டிக் கூப்பிடலாம். அவரே அதில் இன்னும் ஆசை தீரப் பேசியிருக்கவில்லை. அதைத் துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்து, ஒரு சனி ஞாயிறு போட்டிக்காக எனக்குக் கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

செல்போன் எங்கள் சின்னாளபட்டிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. போட்டி டிஜிட்டல் முறையில் நடப்பது. வாயால் பேச வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டினால் அது விசில் சத்தமாக மாறி, செட் வழியாகக் காற்றில் போய், எங்கோ ஒருவர் திரையில் மறுபடியும் எழுத்தாகும். ஒவ்வொருவரோடும் ஒரு வரிசை எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. இருபத்துநாலு மணி நேரத்தில் யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்களோ அவருக்குப் பெயர். நம் நேரப்படி அது சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பம்.

முந்தின வாரக் காற்றில் என் ஏரியல் கட்டியிருந்த மூங்கில் முறிந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் மொட்டைமாடியில் துணி காயப்போடும் இரண்டு இரும்புத் தூண்களைப் பிடித்துக்கொண்டேன். அவற்றில் இருந்த துருப்பிடித்த கம்பியைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கம்பியை இழுத்துக் கட்டினேன். நடுவில் வெட்டி, அங்கிருந்து கறுப்பு வயரை முன்னறை மேஜைக்கு இறக்கினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

முதல் நான்கு மணி நேரம் பிரமாதமாகப் போனது. ஜப்பான், சைபீரியா, ஆஸ்திரேலியா என்று இருபத்துமூன்று பேர். இருப்புக்கொள்ளவில்லை எனக்கு. ஒன்பதரை மணிக்கு, பாய் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தும், பாதி பவரில் இருந்த செட்டை முழு பவருக்குத் தள்ளினேன். முழு பவர் என்றால் வெறும் ஐந்து வாட்தான். அந்த நேரத்தில் மனைவி வாளியோடு என் முதுகுக்குப் பின்னால் போனாள். "மாடிக்குப் போறேன், அடுப்புல பால் இருக்கு" என்றாள். "ம்" என்றேன். திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் செட் படுத்துவிட்டது. பவர் காட்டும் கோடுகள் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கின. நான் தட்டுவது யாருக்கும் எட்டவில்லை. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் விசிறி போட்டேன். மறுபடி போட்டாலும் அதே ஒற்றைக் கோடு. பேராசையில் அடுத்தவன் செட்டை எரித்துவிட்டேன்.

கம்பியைப் போய்ப் பார்க்கலாமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நான் கட்டிய கம்பியில் குறை இருக்கும் என்று நினைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதற்கும் மனைவி மேல்தான் கோபம் வந்தது.

பாய்க்கு போன் போட்டேன். "பாய், செட்டு போச்சு. முழு பவர் வச்சுட்டேன்."

"வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திண்டுக்கல்லிலிருந்து மொபெட்டில் அரை மணி நேரம். அதற்குள் என்னென்னவோ ஒத்திகை பார்த்தேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். திட்டாமல் அந்தத் துண்டிலேயே செட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? திண்டுக்கல்லில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதர் அவர்.

வந்தவர் செட்டைத் தொடவில்லை. "கம்பியப் பாத்தீங்களா?" என்றார்.

"கம்பிக்கு என்ன பாய்? ஜம்முன்னு இருக்கு" என்று எரிந்து விழுந்தேன். இந்த லட்சணத்தில் கோபம் வேறு.

அவர் மாடி ஏறினார். செத்த நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

என் ஏரியலின் ஒரு பாதியில், மனைவி முதலாளி ஒருவருக்காகச் சாயம் போட்டு அலசிய இரண்டு சுங்குடிச் சேலைகள் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சேலையின் தலைப்பு இரும்புத் தூணைச் சுற்றிக் கிடந்தது. ஈரத் துணியும் இரும்பும் சேர்ந்து ஏரியலைக் கெடுக்க, என் ஐந்து வாட்டும் காற்றில் ஏறாமல் செட்டுக்கே திரும்பியிருக்கிறது. உள்ளே எரிந்துவிடாமல் இருக்க செட் தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பாய் சேலைகளை ஒதுக்கிப் பிடிக்க, நான் கீழே ஓடிப்போய் ஒரு எழுத்துத் தட்டினேன். ஐந்து கோடுகளும் எழுந்து நின்றன. நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் அனுபவித்ததில்லை.

மறுபடி மேலே போனபோது மனைவியும் இரண்டாவது வாளியோடு அங்கே நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லாக் கட்டியிருக்கீங்க. பழைய கம்பியில துருக்கறை பட்டுப்பட்டு மொதலாளிகிட்ட எம்புட்டு ஏச்சு வாங்கினேன். மூணு வருசமாக் கேட்டதுக்கு இப்பத்தான் மனசு வந்துச்சு." பிறகு பாயைப் பார்த்துச் சிரித்தாள். "இறுக்கமா இருக்கான்னு முனையப் பிடிச்சேண்ணே, சுருக்குன்னுச்சு. எறும்பு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கூடச் சிரித்த பாய் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கம்பியின் முனையில் உறையைச் சீவி முறுக்கியிருந்தேன். ஈரக் கையோடு அவள் அதைப் பிடித்த நேரத்தில் நான் கீழே எழுத்துத் தட்டி அதில் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். "அஞ்சு வாட்டோட போச்சுண்ணே" என்றார் பாய் மெதுவாக. "எங்கிட்ட இருக்குற நூறு வாட் செட்டா இருந்தா கை வெந்துருக்கும்."

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக் காய்த்துப்போன விரல்கள். காயம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். கீழே செட் பிழைத்தபோது வந்த நிம்மதி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் எதைப் பார்க்க முதலில் ஓடினேன் என்பது உறுத்தியது.

அவளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "செட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பதறினாள். "இல்லம்மா, நல்லா இருக்கு" என்றார் பாய். அவள் கறுப்பு வயரைப் பார்த்தாள், மஞ்சள் கம்பியைப் பார்த்தாள், மூலையில் சுருட்டிக் கிடந்த துருக்கம்பியையும் பார்த்தாள்.

"அப்ப இது எனக்குக் கட்டுனது இல்லையா?"

"உனக்குத்தான்" என்றேன். "ரேடியோவுக்கு ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கியிருக்கணும். கேக்கல. தப்புதான்."

அவள் வாளியில் இருந்த மூன்றாவது சேலையை உதறினாள். பாய் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் செட்டை அணைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தேன். மூன்றும் காய்ந்து முடிய மணி நான்காகிவிட்டது. அதுவரை என் பக்கம் போட்டி நின்றது. பாய் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். சாயங்காலம் அவள் சேலைகளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "இப்ப தட்டுங்க" என்றாள். இருபத்துநான்காவது எண்ணை அதற்குப் பிறகுதான் அனுப்பினேன்.

போட்டி முடிவில் என் பெயரைக் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். திங்கட்கிழமை ஏரியலுக்கு வேறு மூங்கில் வாங்கினேன். மஞ்சள் கம்பியை நடுவில் முடிச்சுப் போட்டு ஒட்டவைத்து அதே தூண்களில் விட்டுவிட்டேன். அதன் பிறகும் ரொம்ப நாள், அவள் மாடிக்குப் போகும்போது முன்னறையில் நின்று, "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.