தீர்ப்பு வராத வழக்குகள்

வேலையில் அடிபட்ட கூலிகள் போட்ட வழக்குகளில் யார் ஜெயிக்கிறார்கள் என்று, தீர்ப்புகளைப் படித்துக் கணினியில் ஏற்றி அலசுவது என் வேலை. எண்ணூர் கன்டெய்னர் யார்டில் இரண்டு விரல்களை இழந்த என் தோஸ்து கேட்டான்: “கேஸ் போட்டா ஜெயிப்பனா மாமு?”

“கான்ட்ராக்ட் கூலி எவனும் ஜெயிச்சதில்ல. வுட்டுரு.”

விட்டுவிட்டான். வழக்குப் போடும் காலக்கெடு முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால், கம்பெனிக்காரன் தீர்ப்புக்கு முன்பே நஷ்டஈடு கொடுத்துச் சமரசமாகிவிடுகிறான். அந்த வழக்குகள் என் பட்டியலுக்கு வரவே இல்லை. தோற்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, படித்த திமிரில் பேசியிருக்கிறேன்.

டீக்கடையில் மூன்று விரல்களால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, “உன் கம்ப்யூட்டரு இன்னிக்கு இன்னா சொல்லுது மாமு?” என்று சிரிக்கிறான். இன்னும் அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. பயம்தான்.