ஒரு நிமிடக் கட்டு

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனி. அங்கே ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனை முகாம். நோட்டீசில் 'சத்துக் குறைபாடு கண்டறிதல்' என்று போட்டிருந்தது. கண்டறிந்து சத்து கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தால் வேலை கிடையாது. மயங்கினால் மெஷின்மேல் விழுந்து தொலைப்பார்களாம். இதைச் சொன்ன மேனேஜர் லேபிலிருந்து போன எங்களுக்குப் பொங்கலும் வடையும் வரவழைத்தார். நன்றாகவே சாப்பிட்டேன்.

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் லேபிலிருந்து இரத்தம் எடுக்கப் போயிருந்தேன். பாதி வரிசை முடிந்தபோது ஓர் ஒல்லிப் பெண் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"நேத்து நாலு பீட்ரூட் துன்னேன்க்கா. ரத்தம் ஏறி இருக்குமா?"

நான் சிரித்துவிட்டேன். "நாலு பீட்ரூட்டுக்கு ஒண்ணுக்குதான் செவப்பா போகும்" என்றேன், வரிசைக்கே கேட்கும்படி. வரிசையும் சிரித்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. "இன்னாக்கா சிரிக்கிற? வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது. இந்த வேல பூட்டா நான் இன்னா பண்றது? நீயும் பொம்பளதான?"

அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

மேல்கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்க்க வேண்டும் என்பது விதி. கூடுதலாக விட்டால் அங்கே இரத்தம் கெட்டிப்படும். ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் கொஞ்சம் ஏறிக் காட்டும். அன்று காலை, வெளுத்த நகத்தோடு வந்த இன்னொருத்திக்கு மூன்று நிமிடம் விட்டிருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. "சாப்டியாக்கா?" என்று விசாரித்தாள், அவ்வளவுதான்.

இவளுக்கு ஊசி நரம்பில் இறங்கியதுமே பட்டையை உருவிவிட்டேன். விதிப்படிதான். ஆனால் அது விதிக்காகச் செய்ததல்ல, வன்மம். செய்யும்போதே எனக்குத் தெரியும், இனிக்கவும் செய்தது.

பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்தாள். "வலிக்கவே இல்லக்கா. நல்ல கை உனுக்கு."

ஒன்பது புள்ளி எட்டு. அந்த ரிப்போர்ட்டை மேனேஜருக்கு அனுப்பியதும் நான்தான். இன்னும் இரண்டு நிமிடம் பட்டையை விட்டிருந்தால் பத்தைத் தாண்டியிருப்பாள். மறுவாரம் இன்னொரு பிரிவுக்காக அங்கே போனபோது, அவள் மெஷினில் வேறொருத்தி நிற்பதாகச் சொன்னார்கள். மேனேஜர் அன்றைக்கும் பொங்கல் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது எங்கள் லேபிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பரிசோதனை வைத்துவிட்டார்கள், இங்கேயும் அதே பத்துதான் கணக்கு. சில மாதங்களாக எனக்குப் படியேறினால் தலை சுற்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் எனக்கு இரத்தம் எடுத்த பெண் புதிதாகச் சேர்ந்தவள், சுத்தமான வேலைக்காரி. இரத்தம் வந்ததும் பட்டையை அவிழ்க்கக் கை வைத்தாள்.

"இரும்மா," என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."